வீடியோவில் டாக்டரைப் பார்க்கும் முன்

சுகர், பிரஷருக்கு மாதாமாதம் டாக்டரைப் பார்ப்பவர்களுக்கு மத்திய அரசின் வீடியோ மருத்துவ ஆலோசனைச் சேவையான இ-சஞ்சீவனி நல்ல வசதி. கட்டணம் கிடையாது, செல்போனிலேயே பேசலாம். ஆனால் வெறுங்கையோடு உட்கார்ந்தால் "அதே மாத்திரையைப் போடுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

டாக்டரிடம் பேசுவதற்கு முந்தைய ஒரு வாரம் பிரஷரைக் குறித்து வையுங்கள். காலையில் மாத்திரைக்கு முன் ஒரு தடவை, இரவு ஒரு தடவை. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து, பேசாமல் எடுக்க வேண்டும். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. காபி குடித்த அரை மணிக்குள் எடுத்த அளவு கணக்கில் சேராது. சுகர் என்றால், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்றும் எழுதுங்கள்.

என் அம்மா "வெள்ளையா, சின்னதா ஒரு மாத்திரை" என்றுதான் சொல்வார். எந்த டாக்டருக்கு விளங்கும்? அட்டையின் பின்பக்கம் பெயரும் மி.கி. அளவும் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். வெட்டிய அட்டையில் பெரும்பாலும் அந்த இடம்தான் போயிருக்கும்.

கால் புண்ணைக் கேமராவில் காட்டலாம். பாதம் மரத்திருக்கிறதா என்பதை நேரில்தான் சோதிக்க முடியும். நெஞ்சுவலி, வாய் கோணுதல் என்றால் வீடியோ வேண்டாம், உடனே 108.