கத்திரிக்கு முன்பே தொடங்குங்கள்: கோடையில் தோலைக் காக்கும் முறை, படிப்படியாக

கோடையில் தோலைக் கெடுப்பவை இரண்டு. ஒன்று வெயிலின் ஒளி, மற்றது உடம்பில் தேங்கி நிற்கும் வியர்வை. தோல் கறுப்பது, எரிவது, முகத்தில் மங்கு எனும் கருந்திட்டு படர்வது எல்லாம் ஒளியின் வேலை. வியர்க்குரு, படர்தாமரை, தொடையிடுக்குப் புண் எல்லாம் வியர்வையின் வேலை. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றதைக் கெடுத்துவிடும் என்பதுதான் சிக்கல். வெயிலுக்குப் பயந்து முதுகு முழுக்கக் கெட்டி கிரீமைப் பூசினால் வியர்க்குரு கிளம்பும். புழுங்குகிறதே என்று கையில்லாத சட்டையோடு போனால் தோள் கறுக்கும். ஆகவே எதைச் செய்யும்போதும் இரண்டையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

படி 1: நிழலை அளந்து பாருங்கள்

மே 4 வாக்கில் கத்திரி பிறந்த பிறகுதான் பலருக்குத் தோலின் நினைவு வருகிறது. அது தாமதம். தோலைக் கறுக்க வைப்பது புற ஊதாக் கதிர். காற்றின் சூடு அல்ல. சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும்போது அந்தக் கதிர் மிகக் கடுமையாக இறங்கும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கன்னியாகுமரிக்கும், அந்த மாதக் கடைசியில் சென்னைக்கும் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. எனவே மார்ச் மாதமே தொடங்கிவிடுங்கள்.

ஒரு நாளுக்குள்ளும் இதே குழப்பம் உண்டு. அனல் அதிகம் தெரிவது பிற்பகல் 2, 3 மணிக்கு. கதிர் உச்சத்தில் இருப்பதோ நண்பகல் 12 மணியை ஒட்டி. "இன்னும் சூடு ஏறலையே" என்று காலை 10:30 மணிக்குக் கிளம்புகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் தேவையில்லை. தரையில் விழும் உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது என்று பொருள். கைபேசியின் வானிலைச் செயலியில் புற ஊதாக் குறியீட்டு எண்ணும் இருக்கும். 3க்கு மேல் போனால் பாதுகாப்பு வேண்டும். 8க்கு மேல் போனால் நண்பகலில் வெளியே நிற்பதையே தவிருங்கள். ஏப்ரல், மே நண்பகல்களில் நம் ஊரில் அது 11ஐத் தொடுவது சாதாரணம்.

மெல்லிய மேகம் இந்தக் கதிரை அவ்வளவாகத் தடுக்காது. ஜன்னல் கண்ணாடியும் பாதி வேலைதான் செய்யும். புற ஊதாக் கதிரில் தோலை எரிக்கும் யுவிபி வகையைப் பெரும்பாலும் தடுத்துவிட்டு, கறுக்கவும் சுருங்கவும் வைக்கும் யுவிஏ வகையை உள்ளே விட்டுவிடும். பேருந்தில் தினமும் ஒரே ஜன்னலோரம் உட்காருகிறவர்கள் பக்கம் மாறி உட்காரலாம்.

படி 2: முதலில் துணி, பிறகுதான் கிரீம்

மூடியிருக்கும் தோலுக்கு எந்தக் கிரீமும் வேண்டாம். துணி கரையாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டிய கவலையும் இல்லை. வயல்காட்டில் வேலை செய்யும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு தலையில் துண்டு கட்டுவார்கள். தோல் பாதுகாப்பில் அதைவிடச் சிறந்த ஏற்பாடு குறைவு.

துணியை வாங்கும்போது வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். மறுபக்கம் விரல் தெரிந்தால் கதிரும் அப்படியே நுழையும். பருத்தி நல்லதுதான், ஆனால் நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். வெளுத்து இழை விட்ட வெள்ளை மல் துணி காற்றோட்டம் தரும், கதிரைத் தடுக்காது. வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டிய வெள்ளைப் பருத்தி இன்னும் மோசம். நனைந்தால் கதிர் கூடுதலாக உள்ளே போகும். இளநீலம், காவி, பச்சை போன்ற நிறங்களில், உடம்பைப் பிடிக்காத தொளதொளப்பான முழுக்கைச் சட்டை வெயிலையும் தடுக்கும், வியர்வையையும் காய விடும்.

குடை என்றால் அடர்த்தியான துணி, உட்புறம் கறுப்பாக இருப்பது நல்லது. தொப்பியின் விளிம்பு சுற்றிலும் நாலு விரற்கடைக்குக் குறையாமல் இருக்கட்டும். முன்னால் மட்டும் நீளும் தொப்பி காதையும் பிடரியையும் விட்டுவிடும். டூவீலர் ஓட்டுகிறவர்களுக்கு முதலில் கறுப்பது புறங்கைதான், அதற்கு முழங்கை வரை வரும் பருத்திக் கையுறை போதும். துப்பட்டாவை முகத்தில் சுற்றுவது நல்ல பழக்கம், ஆனால் அதை அன்றன்றே துவைக்க வேண்டும். நேற்றைய வியர்வையும் புழுதியும் படிந்த துணி கன்னத்தில் உரசினால் பரு வரும்.

படி 3: சன்ஸ்கிரீன், அளவோடு

மூட முடியாத முகம், கழுத்து, காது, புறங்கை, பாதத்தின் மேற்புறம் ஆகியவற்றுக்குத்தான் சன்ஸ்கிரீன். ட்யூபில் இரண்டு குறிகளைப் பாருங்கள். எஸ்.பி.எஃப். என்பது யுவிபி கதிரைத் தடுக்கும் அளவு. 15 என்றால் ஏறத்தாழ 93 சதவீதம், 30 என்றால் 97, 50 என்றால் 98. முப்பதுக்கும் ஐம்பதுக்கும் வித்தியாசம் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். எனவே 30க்குக் குறையாமல் இருந்தால் போதும். பி.ஏ. என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கூட்டல் குறிகள் யுவிஏ கதிருக்கானவை. மூன்று அல்லது நான்கு கூட்டல் குறி இருப்பதை வாங்குங்கள்.

ஆய்வுக்கூடத்தில் இந்த எண்ணைக் கணக்கிடும்போது தோலின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுகிறார்கள். வீட்டில் நாம் பட்டாணி அளவு எடுத்து முகம் முழுக்கத் தேய்க்கிறோம். அப்படிச் செய்தால் ட்யூபில் எழுதிய பாதுகாப்பில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும். "சன்ஸ்கிரீன் போட்டும் கறுத்துட்டேன்" என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் இந்தக் குறைந்த அளவே.

பூசும் முறை:

1. முகத்தைக் கழுவித் துணியால் ஒற்றி எடுங்கள். வறண்ட தோல் என்றால் மாய்ஸ்சரைசர் தடவி ஐந்து நிமிடம் காய விடுங்கள். எண்ணெய் வடியும் முகத்துக்குக் கோடையில் அது வேண்டாம்.
2. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் சன்ஸ்கிரீனைக் கோடாகப் பிழியுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இதுதான் அளவு.
3. ஒரு விரலில் உள்ளதை நெற்றி, கன்னம், மூக்கு, தாடை, கழுத்து என்று புள்ளி புள்ளியாக வைத்து மெதுவாகப் பரப்புங்கள். அது படிந்த பிறகு அடுத்த விரல். காது மடலையும் பிடரியையும் மறக்கக் கூடாது.
4. கிளம்புவதற்கு 15 முதல் 20 நிமிடம் முன்பே பூசி முடியுங்கள். பவுடரோ மேக்கப்போ இதற்கு மேலேதான் வர வேண்டும்.
5. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி. முதலில் கைக்குட்டையால் வியர்வையை ஒற்றி எடுங்கள், துடைக்காதீர்கள். ஈரத்தின் மேல் பூசினால் பிடிக்காது.

இந்த அளவில் தினம் இருமுறை பூசினால் 50 கிராம் ட்யூப் ஒரு மாதத்துக்குள் தீர்ந்துவிடும். மூன்று மாதம் வருகிறது என்றால் நீங்கள் போடுவது போதவில்லை. செலவு கட்டுப்படி ஆகவில்லையா? கைகளைச் சட்டையால் மூடிவிட்டு, முகத்துக்கு மட்டும் சரியான அளவு போடுங்கள். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் பூசுவதைவிட இது பலன் தரும்.

தப்பாகப் போகும் இடங்கள் சில. திரி திரியாக உருண்டு வந்தால், கீழே இருந்த கிரீம் காயவில்லை அல்லது அதிகம் தேய்த்துவிட்டீர்கள். கண் எரிந்தால் வியர்வையோடு கண்ணுக்குள் இறங்குகிறது என்று பொருள். புருவத்துக்கு மேலும் கண்ணைச் சுற்றியும் ஜிங்க் ஆக்சைடு உள்ள வகையைப் போடலாம். பரு வருகிறவர்கள் ஜெல் வகைக்கு மாறலாம். மங்கு உள்ளவர்களுக்குத் தோல் நிறத்தில் வரும் டின்டட் வகை நல்லது. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் மங்கைக் கூட்டும், அந்த வகையில் இருக்கும் இரும்பு ஆக்சைடு அதையும் தடுக்கும். வண்டிப் பெட்டியில் ட்யூபை வைக்காதீர்கள், சூட்டில் பிரிந்து கெட்டுவிடும். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம், நிழலும் மெல்லிய துணியும் போதும்.

படி 4: குளியலும் அதன் பிறகும்

மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மத்தியானம் வருவது வெந்நீர். இரவிலோ விடியற்காலையிலோ வாளியில் பிடித்து வைத்தால் மாலைக் குளியலுக்குக் குளிர்ந்த நீர் கிடைக்கும். இருவேளை குளிக்கலாம், ஆனால் உடம்பு முழுக்க சோப்பு ஒருவேளை போதும். மறுவேளை அக்குள், தொடையிடுக்கு, பாதம் மட்டும். சோப்பு காரத்தன்மை உடையது. தோலின் மேற்பரப்பு இயல்பில் லேசான அமிலத்தன்மை கொண்டது. அளவுக்கு மீறினால் வியர்வையோடு சேர்ந்து அரிப்புதான் மிஞ்சும்.

குளிப்பதைவிடத் துவட்டுவது முக்கியம். கால்விரல் இடுக்கு, தொடையிடுக்கு, மார்புக்கு அடியில், தொப்பை மடிப்பு ஆகிய இடங்களைத் துண்டால் ஒற்றி, விசிறிக் காற்றில் இரண்டு நிமிடம் நின்று காய விட்டு உடுத்துங்கள். ஈரத் தோலில் பவுடரைக் கொட்டினால் அது மாவாகக் குழைந்து மடிப்பில் உட்கார்ந்து உரசும். காய்ந்த தோலில் மெல்லியதாகத் தூவினால் போதும்.

படி 5: வியர்க்குரு வந்துவிட்டால்

வியர்வைக் குழாயின் வாய் அடைபட்டு, வியர்வை தோலுக்குள்ளேயே கசிவதுதான் வியர்க்குரு. ஆகவே வைத்தியமும் இரண்டே: வியர்க்காமல் பார்த்துக்கொள்வது, அடைப்பைக் கூட்டாமல் இருப்பது. தினமும் சில மணி நேரம் விசிறிக்கு அடியில் அல்லது காற்றோட்டமான இடத்தில் மேல்சட்டை இல்லாமல் இருக்க முடிந்தால் பாதி குறையும். கலமைன் லோஷனை நன்றாகக் குலுக்கி, பஞ்சில் நனைத்து, நாளுக்கு இரண்டு மூன்று முறை ஒற்றுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது அடைப்பைக் கூட்டும். நலங்கு மாவோ பீர்க்கங்கூடோ போட்டுத் தேய்க்கவும் வேண்டாம், குருக்கள் உடைந்து சீழ் பிடிக்கும். நுங்கு நீரைத் தடவுவது குளிர்ச்சியாக இருக்கும், தாராளமாகச் செய்யலாம். பத்து நிமிடத்தில் கழுவிவிடுங்கள், காய்ந்தால் பிசுபிசுக்கும்.

குழந்தைகளுக்குக் கழுத்து மடிப்பிலும் முதுகிலும்தான் அதிகம் வரும். ரப்பர் விரிப்பின் மேல் நேராகப் படுக்க வைக்காமல் பழைய வேட்டித் துணியை மடித்துப் போடுங்கள்.

படி 6: வட்டமாக அரித்தால் கடைக்காரரிடம் களிம்பு கேட்காதீர்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். ஓரம் தடித்து, நடு வெளுத்து, வட்டமாகப் பரவும் அரிப்பு வியர்க்குரு அல்ல, படர்தாமரை. அது பூஞ்சைத் தொற்று. மருந்துக் கடையில் "அரிப்புக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டு வாங்கும் கலவைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். ட்யூபின் பின்னால் கிளோபெட்டசால், பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பூசிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கும், சிவப்பு மறையும். ஆனால் ஸ்டீராய்டு அடக்குவது உடம்பின் எதிர்ப்பைத்தான். அதற்குள் பூஞ்சை சத்தமில்லாமல் பரவும். நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பும். தொடையிடுக்கில் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, அழியாத வரிகள் விழும்.

தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தை வட்டத்துக்கு உள்ளே மட்டும் பூசாமல் ஓரத்தைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் வரை தடவுங்கள். அரிப்பு நின்றதும் நிறுத்தாமல் அவர் சொன்ன நாள் வரை தொடருங்கள். துண்டு, உள்ளாடை தனி. வெந்நீரில் துவைத்து, உட்புறத்தைத் திருப்பி வெயிலில் காய வைத்து, இஸ்திரி போடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு இருந்தால் அவரும் சேர்ந்தே மருந்து எடுக்க வேண்டும், இல்லையேல் மாறி மாறி வரும்.

படி 7: கறுத்துப்போன பிறகு

எலுமிச்சையைத் தேய்க்காதீர்கள். அதன் சாறும் பழத்தோலின் எண்ணெயும் மேலே இருக்கும்போது வெயில் பட்டால், அந்த இடம் வெந்து கொப்புளித்து, பிறகு மாதக்கணக்கில் கரும்பட்டையாக நிற்கும். ஆப்ப சோடாவும் வேண்டாம். தயிரில் குழைத்த பயத்தம்பருப்பு மாவைத் தடவினால் கெடுதல் இல்லை, பத்து நிமிடத்தில் மெதுவாகக் கழுவுங்கள். கறுப்பை அது எடுத்துவிடும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். வெயில் படாமல் காத்தால் மேல்தோல் உதிர்ந்து புதிதாக வரும் சில வாரங்களில் கறுப்பு தானாக மங்கும். இங்கே நோக்கம் சிவப்பாவது அல்ல, பிறந்த நிறம் எதுவோ அது நலமாக இருப்பது.

தோல் எரிந்து சிவந்தால் குளிர்ந்த நீரில் நனைத்த துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் போடுங்கள். ஐஸ் கட்டி, பற்பசை இரண்டும் கூடாது. சோற்றுக்கற்றாழையை வெட்டினால் மஞ்சளாக வடியும் பாலை முழுக்க வடிய விட்டு, கழுவி, கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் தடவுங்கள். அந்த மஞ்சள் பால் சிலருக்கு அரிக்கும். கொப்புளம் வந்தால் உடைக்காமல் மருத்துவரிடம் போங்கள். பருவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தரும் மாத்திரைகளில் சில, வெயிலில் தோலைச் சீக்கிரம் எரிய வைக்கும். டாக்ஸிசைக்ளின், ஹைட்ரோகுளோரோதயசைடு எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெயிலில் நின்றவருக்கு உடம்பு அனலாகக் கொதித்து, பேச்சு குழறினால் அது தோல் பிரச்சினை அல்ல, வெப்பத்தாக்கு. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்துக்கொண்டே 108க்கு அழையுங்கள்.

லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல் போகிறவர்களுக்கு

குளிர்கிறதே என்று சன்ஸ்கிரீனை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். உயரம் 1000 மீட்டர் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். 2200 மீட்டருக்கு மேல் உள்ள ஊட்டியில் சென்னையைவிடக் கடுமையான கதிர், ஆனால் உடம்புக்குத் தெரியாது. படகுத் துறைக்கும் தோட்டத்துக்கும் முற்பகல் 10 மணிக்குள் போய் வாருங்கள். நண்பகலில் வெளியே இருந்தால் பிள்ளைகளுக்குத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும், எல்லார் முகத்துக்கும் இரண்டு விரல் அளவு சன்ஸ்கிரீனும்.