ஒரு நோட்டும் ஒரு கேள்வியும்: கல்லூரிப் பெண்கள் கால்பந்தில் உடல்சுமையைக் கணக்கெடுப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கால்பந்து சீசன் ஆகஸ்டில் தொடங்கி டிசம்பருக்குள் முடிந்துவிடும். பல அணிகளுக்கு வியாழன் ஒரு மேட்ச், ஞாயிறு இன்னொன்று, நடுவில் பஸ் பயணம், வகுப்பு, பரீட்சை. இந்த நெருக்கடியில் யார் எவ்வளவு களைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும் என எந்த கோச் சொன்னாலும் நம்பாதீர்கள். அதற்காக, ஓடும் தூரத்தையும் வேகத்தையும் அளக்கும் ஜிபிஎஸ் பனியன் வாங்க ஓட வேண்டாம், நோட்டு போதும்.

முதல் வேலை, கேட்பது. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, "இன்றைக்கு மொத்தத்தில் எவ்வளவு கடினம், 0 முதல் 10க்குள் சொல்" என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். உடனே கேட்டால் கடைசியாக ஓடிய ஓட்டத்துக்குத்தான் மார்க் விழும். கூட்டமாகக் கேட்டால் கேப்டன் சொன்ன எண்ணையே எல்லோரும் சொல்வார்கள். இன்னொன்று, இந்த எண்ணை வைத்து அணித் தேர்வு செய்யாதீர்கள், செய்தால் மறுநாளிலிருந்து எல்லோருக்கும் எல்லாமே 4 தான்.

அடுத்து, அந்த எண்ணை நிமிடங்களால் பெருக்குங்கள். 90 நிமிட மேட்ச், கடினம் 8 என்றால் 720. இதுதான் அந்த நாளின் உடல்சுமை. கார்ல் ஃபாஸ்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பரப்பிய முறை இது, இன்றும் பெரிய அணிகள்கூடப் பயன்படுத்துகின்றன.

சரி, இப்போது வாரத்தைக் கூட்டுவோம். பயிற்சியில் செவ்வாய் 300, புதன் 135, வெள்ளி 60, சனி 120, இது எல்லோருக்கும் பொது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மேட்சும் முழுதாக ஆடி இரண்டுக்கும் 8 சொன்னவருக்கு மொத்தம் 2055. வியாழன் 15 நிமிடம் மட்டும் இறங்கி 4 சொன்ன மாற்று ஆட்டக்காரருக்கு 675. ஒரே அணி, ஒரே வாரம், மூன்று மடங்கு வித்தியாசம்! பலரும் 2055ஐப் பார்த்துப் பதறுவார்கள், எனக்கு 675தான் கவலை. நாலு வாரம் இப்படியே பெஞ்சில் இருந்தவரை, முன்னால் ஆடியவருக்கு அடிபட்டதும் திடீரென 90 நிமிடம் இறக்கினால் உடம்பு எப்படித் தாங்கும்? அதனால் மேட்ச் முடிந்த கையோடு, ஆடாதவர்களுக்கு மைதானத்திலேயே சில முழுவேக ஓட்டங்கள் கொடுத்துவிடுங்கள்.

காலையில் தூக்கம், தசைவலி, மனநிலை மூன்றுக்கும் 1 முதல் 5 வரை மார்க் போடச் சொல்லலாம். மாதவிடாய் பற்றி எழுதுவது அவரவர் விருப்பம். யார் கண்ணில் அது படும் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் என்றாவது ஜிபிஎஸ் கைக்கு வந்தால், முதலில் வேக எல்லைகளைப் பாருங்கள், அதாவது எந்த வேகத்தைத் தாண்டினால் ஸ்பிரிண்ட் (முழுவேக ஓட்டம்) என்று கருவி எண்ணுகிறது என்பதை. ஆண்களுக்கு வைத்த மணிக்கு 25 கி.மீ. அப்படியே இருந்தால் பல ஸ்பிரிண்ட்கள் கணக்கில் வராது. 2019 பெண்கள் உலகக் கோப்பை ஆய்வில் 23க்கு மேல் போனாலே ஸ்பிரிண்ட்.

எந்தக் கருவியானாலும் ஒருவரை அவருடைய பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். வழக்கமாக 5 சொல்பவர் அதே பயிற்சிக்கு இன்று 8 சொன்னால், அட்டவணையை மூடிவிட்டு "ராத்திரி தூங்கினாயா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பரீட்சை வாரமாக இருக்கும்.