ஓட்டுப் போட எத்தனை வழிகள், எதில் எங்கே கவனம் தேவை

தேர்தல் தேதி அறிவித்த அன்றே இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா? வாக்குப்பதிவு அன்று நீங்கள் எங்கே இருப்பீர்கள்? இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால் எந்த வழியில் ஓட்டுப் போடுவது என்பது தானாக முடிவாகிவிடும். வேட்பாளர் யார் என்று யோசிக்க இன்னும் நாள் இருக்கிறது. விண்ணப்பத்துக்குத்தான் நாள் இருக்காது. இந்தியாவில் 85 வயதைத் தாண்டியவர்களும் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். ஆனால் அறிவிக்கை வெளியான 5 நாட்களுக்குள் 12டி படிவத்தைக் கொடுத்தாக வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை நீங்கள்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தபால் ஓட்டுப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஓட்டு எண்ணும் மேசையில் நான் உட்கார்ந்ததுண்டு. அங்கே என் மனதை அதிகம் வருத்தியது இதுதான். பெரிய உறையைப் பிரிப்போம். உள்ளே சின்ன உறை, அதற்குள் வாக்குச்சீட்டு. கூடவே வாக்காளரின் உறுதிமொழிப் படிவம் இருக்க வேண்டும். அந்தப் படிவம் இல்லை, அல்லது அதில் கையெழுத்து இல்லை என்றால் சின்ன உறையைத் திறக்காமலே ஒதுக்கி வைத்துவிட வேண்டியதுதான். அந்த மனிதர் நேரம் ஒதுக்கி, யோசித்து, ஒட்டி அனுப்பிய ஓட்டு அது. யாருக்குப் போட்டார் என்பதுகூடத் தெரியாமல் நிராகரித்த கட்டுக்குள் போய்விடும்.

அதனால் தபாலில் அனுப்புகிறவர்கள் முதலில் படிவத்தை நிரப்புங்கள், அப்புறம் சீட்டைத் தொடுங்கள். அதிலுள்ள வரிசை எண் சீட்டில் உள்ளதோடு பொருந்துகிறதா பாருங்கள். சான்றொப்பமோ சாட்சிக் கையெழுத்தோ கேட்டிருந்தால் வாங்கிவிடுங்கள். பிரிட்டனில் கையெழுத்தோடு பிறந்த தேதியும் வேண்டும். இரண்டும் விண்ணப்பத்தில் கொடுத்ததோடு ஒத்துப்போக வேண்டும். அவசரத்தில் இன்றைய தேதியை எழுதிவிடாதீர்கள். வாக்குச்சீட்டில் மட்டும் உங்கள் பெயரோ கையெழுத்தோ எந்த அடையாளமோ கூடாது. தபால் போய்ச் சேரும் நாளையும் கணக்கில் வையுங்கள். பல இடங்களில் கெடு என்பது நீங்கள் அனுப்பும் நாள் இல்லை, அவர்கள் கையில் கிடைக்கும் நேரம்.

உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் போடும் பதிலி ஓட்டு எல்லா ஊரிலும் கிடையாது. இந்தியாவில் ராணுவம் போன்ற படைப் பணியில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் உண்டு. பிரிட்டனிலும் பிரான்சிலும் சாதாரண வாக்காளரும் விண்ணப்பிக்கலாம். பிரிட்டனில் திடீரென உடம்புக்கு முடியாமல் போனால் வாக்குப்பதிவு அன்று மாலை 5 மணி வரைகூட அவசரப் பதிலி கேட்க முடியும். நீங்கள் சொன்னபடியே போடுவார் என்று நம்பக்கூடிய ஆளைத் தேர்ந்தெடுங்கள். போட்ட பிறகு சரிபார்க்க வழி இல்லை. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், ஆனால் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்துதான் போட வேண்டும்.

சில நாடுகளில் முன்கூட்டியே நேரில் போய்ப் போட்டுவிடலாம். சுவீடனில் தேர்தலுக்கு 18 நாள் முன்பே தொடங்கிவிடுகிறது. மனம் மாறினால் தேர்தல் அன்று உங்கள் சாவடிக்குப் போய் மறுபடி போடலாம், பழையது நீக்கப்படும். எஸ்டோனியாவில் 2005 முதல் இணையத்திலும் வாக்களிக்கிறார்கள். அங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாகப் போட்டதே கணக்கு. பக்கத்தில் நின்று யாராவது மிரட்டிப் போட வைத்தாலும் பிறகு மாற்றிக்கொள்ள இது வழி தருகிறது. வீட்டிலிருந்து போடும் எந்த முறைக்கும் இந்தப் பாதுகாப்பு அவசியம் என்பது என் கருத்து.

சரி, நேரில் போகிறீர்கள். சீட்டில் என்ன குறி போடுவது என்பதை அங்கே ஒட்டியிருக்கும் அறிவிப்பில் ஒருமுறை படியுங்கள், பழக்கத்தில் போட்டுவிட வேண்டாம். ஆஸ்திரேலியாவின் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் எல்லாக் கட்டங்களுக்கும் 1, 2, 3 என்று விருப்ப வரிசை எழுத வேண்டும். இலங்கை அதிபர் தேர்தலில் முதல் விருப்பம் மட்டும் போதும், ஆனால் மூன்று வரை எழுதலாம். 2024-ல் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல் இரண்டாம் சுற்று எண்ணிக்கைக்குப் போனபோது அந்த 2-ம் 3-ம்தான் எடுத்துப் பார்க்கப்பட்டன. எழுதும் இடம் இருக்கும்போது எழுதிவிடுங்கள்.

சீட்டைக் கெடுத்துவிட்டால் அடித்துத் திருத்த வேண்டாம். பெட்டியில் போடுவதற்கு முன் அலுவலரிடம் கொடுத்து வேறு சீட்டுக் கேளுங்கள். பெரும்பாலான இடங்களில் கொடுப்பார்கள். இந்திய இயந்திரத்தில் நீலப் பொத்தானை அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரியும். உடனே நகராமல், போட்ட ஓட்டை அச்சிட்டுக் காட்டும் விவிபேட் கருவியின் கண்ணாடியைப் பாருங்கள். நீங்கள் போட்ட பெயரும் சின்னமும் அச்சான சீட்டு 7 விநாடி தெரியும், பிறகு உள்ளே விழுந்துவிடும். பார்வையற்றோருக்காக இயந்திரத்தில் பிரெய்ல் எண்கள் உண்டு. துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லவும் உரிமை உண்டு.

உங்கள் பெயரில் ஏற்கெனவே யாரோ ஓட்டுப் போட்டுவிட்டார்கள் என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். தலைமை வாக்குச்சாவடி அலுவலரைக் கேளுங்கள். அடையாளத்தை நிரூபித்தால் இந்தியாவிலும் பிரிட்டனிலும் தனிச் சீட்டு ஒன்று தருவார்கள். டெண்டர் ஓட்டு என்பார்கள். அன்றைய எண்ணிக்கையில் அது சேராது, உறையில் தனியாக வைக்கப்படும். முடிவை எதிர்த்து வழக்கு வந்தால் நீதிமன்றம் கேட்பது அந்த உறையைத்தான். அதனால் கட்டாயம் போட்டுவிட்டு வாருங்கள்.