பழைய சன் அல்ட்ரா 5-க்கு கெர்னல் கட்டிய அனுபவம்

சன் நிறுவனத்தின் பழைய கணினியான அல்ட்ரா 5-இல், பொதுவான லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) பாதி தூரம் ஓடிவிட்டு, ரூட் டிஸ்க்கை, அதாவது இயங்குதளக் கோப்புகள் இருக்கும் டிஸ்க்கை, ஏற்ற முடியவில்லை என்று பேனிக்கில் (மேலே ஓட முடியாத கோளாறில்) நின்றது. டிஸ்க் நன்றாகத்தான் இருந்தது. கணினியைத் தொடக்கும் ஃபர்ம்வேரான ஓபன்பூட்டின் ஓகே வரியில், சாதனங்களைப் பட்டியலிடும் ஷோ-டெவ்ஸ் கட்டளையை அடித்தால், டிஸ்க்கை இயக்கும் ஐடிஇ கன்ட்ரோலர் பட்டியலில் தெளிவாகத் தெரிந்தது.

1998-இல் வந்த இந்த மெஷின் அல்ட்ராஸ்பார்க் 2ஐ சிப்பில் ஓடுவது. நினைவகம் அதிகபட்சம் 512 எம்பி. இதில் இருக்கும் ஐடிஇ சிப் சிஎம்டி646. அதற்கான டிரைவர் கெர்னலுக்குள் இல்லை, மாட்யூலாக (தேவைப்படும்போது ஏற்றும் தனிக் கோப்பாக) இருந்தது; அந்த மாட்யூல் கிடந்ததோ இன்னும் ஏற்றாத டிஸ்க்கில். இனிட்ஆர்டி (தொடக்கத்தில் நினைவகத்தில் ஏறும் தற்காலிகக் கோப்புத் தொகுப்பு) இல்லாமல் பூட் செய்யும்போது அந்த டிஸ்க் ஒருநாளும் ஏறாது.

கெர்னல் அமைப்புகளைத் தேர்ந்தெடுக்கும் மெனுகான்ஃபிக்கில், அந்த ஐடிஇ சிப்புக்கான பாட்டா சிஎம்டி64எக்ஸ் டிரைவர், ரூட் டிஸ்க்கின் கோப்பு முறைமையான எக்ஸ்ட்4 இரண்டையும் மாட்யூல் நிலையிலிருந்து நேரடியாக உள்ளே சேர்த்தேன். நெட்வொர்க்குக்கு சன் ஹேப்பி மீல், திரைக்கு ஏடிஐ மாக்64 டிரைவர்கள். அப்புறம் சீரியல்: போர்ட்டுகளுக்கு சன்சாப், கீபோர்டுக்கும் மவுஸுக்கும் சன்எஸ்யூ. இரண்டும் வேண்டும். சன்சாபுக்குக் கீழே உள்ள, கெர்னல் செய்திகளை சீரியல் போர்ட்டுக்கு அனுப்பும் கன்சோல் தேர்வை விட்டுவிடாதீர்கள். கீபோர்டைக் கழற்றினால் ஓபன்பூட் தானே சீரியலுக்கு மாறிவிடும்; 9600 வேகத்தில் கேபிள் போட்டால் பேனிக் செய்தி முழுவதையும் நிதானமாகப் படிக்கலாம்.

யூஎஸ்பி, ஒலி, வேண்டாத ஸ்கசி டிரைவர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். கம்பைல் வேலையை வேறொரு வேகமான கணினியில், ஸ்பார்க்64 கிராஸ் கம்பைலரில் (வேறு வகைக் கணினியில் இருந்தே இந்தச் சிப்புக்கான நிரலை உருவாக்கும் கருவியில்) முடிப்பதே நல்லது. புதிய கெர்னல் இமேஜை, பூட் லோடரான சைலோவில் தனிப் பெயரில் சேர்த்து, பழையதையும் விட்டுவைத்தேன். பூட் ஆனதும் ரூட் டிஸ்க் உடனே ஏறியது.