ரோபோ வேண்டாம், ஆணி போதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை மாலை பிள்ளைகளைக் கூட்டிவைத்து அறிவியல் செய்ய ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: ரோபோ பெட்டி வாங்காதீர்கள். படம் எடுத்துப் போட அழகாக இருக்கும். பூட்டி முடித்ததும் பிள்ளைக்கு வேலை இல்லை. மண்ணின் ஈரம் பார்க்கும் கருவியில் தொடங்குங்கள். செம்பனை நாற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது எதற்கு என்று விளக்கவே வேண்டாம்.

மூன்று பேருக்கு ஒரு மைக்ரோபிட் போதும். 2016-இல் பிபிசி பிரிட்டன் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்த சின்னக் கணினிப் பலகைதான். நான்காவது ஆளைச் சேர்த்தால் அவன் கைப்பேசியை எடுத்துவிடுவான். அப்புறம் கிளிப் வைத்த ஒயர்கள், துத்தநாகம் பூசிய ஆணி இரண்டு, 10 கிலோ ஓம் மின்தடை ஒன்று, மண் நிரப்பிய நாற்றுப் பை. நிரலை மேக்கோட் என்ற இணையதளத்தில் எழுதலாம்; பலகை கைக்கு வராதவர்கள் திரையிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.

ஆணிகளை இரண்டு விரல் இடைவெளியில் குத்துங்கள். பலகையின் ஓரத்தில் ஒயர் மாட்டும் இடங்களுக்குப் ‘பின்’ (pin) என்று பெயர். ஒரு ஆணி பின் 0-க்கு, மற்றது பின் 1-க்கு. மின்தடையை பின் 0-க்கும் ஜிஎன்டி (GND) என்ற தரை முனைக்கும் நடுவே மாட்டுங்கள். நிரல் இவ்வளவுதான்: பின் 1-ஐ 1 ஆக்கு (மின்சாரம் வரும்), பின் 0-வை அனலாக்கில் படி (மின்னழுத்தம் எண்ணாக வரும்), எண்ணைக் காட்டு, பின் 1-ஐ 0 ஆக்கு (மின்சாரம் நிற்கும்), ஐந்து வினாடி பொறு. பின் 1-க்குப் பதில் ஆணியை நேராகப் பலகையின் 3 வோல்ட் முனையில் மாட்டினாலும் வேலை செய்யும். ஆனால் ஓயாமல் மின்சாரம் ஓடி ஆணி சீக்கிரம் அரித்துப்போகும்.

எண் 0-லிருந்து 1023-க்குள் வரும். ஈரம் கூடினால் மின்சாரம் சுலபமாகப் பாயும், எண்ணும் ஏறும். இதற்கு மேல் வாயைத் திறக்காதீர்கள். காய்ந்த மண்ணில் ஒரு தடவை, அரைக் கோப்பைத் தண்ணீர் ஊற்றி ஒரு தடவை என்று அவர்களே குறித்துக்கொள்ளட்டும். ஒரு குழுவின் எண் இன்னொரு குழுவுக்கு ஒத்துவராது. “அண்ணே, எங்க பலகை கெட்டுப்போச்சு” என்று ஓடிவருவார்கள். பலகைகளை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்போதுதான் ஆணியின் ஆழத்தையும் இடைவெளியையும் அளக்கத் தோன்றும்.

அது முடிந்ததும் ஒரு பைக்கு மட்டும் உரம் கரைத்த தண்ணீரை அதே அளவு ஊற்றுங்கள். உப்பு கரைந்த நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். ஈரம் அதேதான், எண் ஏறிவிடும். கருவி அளப்பது ஈரத்தையா, உப்பையா என்று சண்டை வரும். வரட்டும், நடுவில் புகாதீர்கள்.

எந்த எண்ணுக்குக் கீழே போனால் பலகை சோக முகம் காட்ட வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். கடைசியில் பேட்டரியைக் கழற்றி, ஆணியைத் துடைத்துவிட்டுப் பிஸ்கட் டின்னில் போடச் சொல்லுங்கள்.