பழைய கிளைட் ஸ்டீமர் போட்டோ கையில கிடைச்சா, அது எந்தக் கப்பல், எந்தக் காலம்னு கண்டுபிடிக்கிறது எப்படி?

பழைய போஸ்ட்கார்டு சேக்குறவங்க கைக்கு அடிக்கடி வர்ற ஒரு படம் இது: நடுவுல புகைபோக்கி, டெக் முழுக்க தொப்பி போட்ட ஜனங்க, பின்னாடி மலை, கீழ ராத்சேன்னோ டனூன்னோ ஊர் பேரு மட்டும் இருக்கும், கப்பல் பேரு இருக்காது. ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ வழியா ஓடுற கிளைட் நதியும் அது கடல்ல சேர்ற இடத்துல இருக்கிற தீவுங்களும்தான் இந்தக் கப்பல்களோட ஊரு. ஹெலன்ஸ்பரோவுல ஹோட்டல் நடத்திட்டு இருந்த ஹென்றி பெல், 1812-ல காமெட்னு ஒரு குட்டி நீராவிக் கப்பலை விட்டாரு, ஐரோப்பாவுலயே பயணிங்களை ஏத்திட்டு வியாபாரமா ஓடுன முதல் ஸ்டீமர் அதுதான். அப்புறம் நூத்தம்பது வருஷம் போல, ஜூலை மாசம் கிளாஸ்கோ ஃபேர் லீவு விட்டா ஆலைத் தொழிலாளிங்க குடும்பத்தோட புரூமிலாவ் படித்துறையில ஏறி இந்தத் தீவுங்களுக்குப் போறதுதான் அவங்களுக்கு வருஷத்துல ஒரே சந்தோஷம். அதனால ஒவ்வொரு படத்துக்கும் சரியான பேரு கண்டுபிடிச்சு எழுதி வைக்கிறது மெனக்கெட்டுச் செய்யவேண்டிய வேலைதான்னு நான் நினைக்கிறேன்.

முதல்ல கப்பலோட ரெண்டு பக்கமும் நடுவுல பாருங்க. அரைவட்டமா ஒரு பெட்டி துருத்திட்டு இருந்தா அது பேடில் ஸ்டீமர், அந்தப் பெட்டிக்குள்ளதான் துடுப்புச் சக்கரம் சுத்தும், பெட்டி மேல விசிறி மாதிரி கோடும் நடுவுல சின்னமும் வளைவுல கப்பல் பேரும் இருக்கும், லென்ஸ் வச்சுப் பாத்தா பல நேரம் பேரு அங்கயே கிடைச்சிடும். பெட்டியே இல்லாம பக்கம் வழுவழுன்னு இருந்தா பின்னாடி புரொப்பெல்லர் வச்ச கப்பல், அதுல அழகா ஒல்லியா வேகமா போற மாதிரி இருக்கிறது பெரும்பாலும் டர்பைன் ஸ்டீமர் (நீராவி வேகமா மோதி சுழல் சக்கரத்தைச் சுத்த வைக்கிற இன்ஜின்), அப்போ படம் 1901-க்கு முன்னாடி இருக்கவே முடியாது, ஏன்னா உலகத்துலயே டர்பைன் வச்சு வியாபாரத்துக்கு ஓடுன முதல் பயணிக் கப்பல் கிங் எட்வர்ட் அந்த வருஷம்தான் டம்பார்ட்டன்ல டென்னி கட்டுமானத் தளத்துலேர்ந்து வந்துச்சு. ஒரு எச்சரிக்கை, 1934-ல வந்த கலிடோனியா, மெர்குரி ரெண்டும் பேடில் கப்பல்தான், ஆனா பெட்டியை வெளிய தெரியாத மாதிரி மறைச்சுக் கட்டுனாங்க, அவசரமா பாத்தா ஏமாந்துடுவீங்க.

அடுத்து புகைபோக்கி, இதுலதான் பாதி விஷயம் இருக்கு. அந்தக் காலத்துல மூணு ரயில்வே கம்பெனிங்க பயணிங்களுக்காக இந்தத் தண்ணியில போட்டி போட்டுச்சு, ரயில் வந்து நிக்கிற ஜெட்டியிலயே கப்பல் ரெடியா நிக்கும், எவன் முன்னாடி ராத்சேக்குப் போறான்னு ரேஸ் மாதிரி. தூரத்துலேர்ந்தே இது நம்ம கப்பல்னு தெரியணும்ல, அதனால ஆளுக்கு ஒரு கலர். கலிடோனியன் ரயில்வேக்கு முழு மஞ்சள். நார்த் பிரிட்டிஷுக்கு சிவப்பு, நடுவுல வெள்ளைப் பட்டை, மேல கறுப்பு. கிளாஸ்கோ அண்ட் சவுத் வெஸ்டர்னுக்கு சிவப்பு, மேல கறுப்பு, கப்பல் உடம்பு சாம்பல் நிறம். ரயில்வே இல்லாம, மேற்குத் தீவுங்களுக்கு எல்லாம் ஓட்டுன மேக்பிரெய்ன் கப்பல் கம்பெனிக்கும் அதே சிவப்பு கறுப்புதான், ஆனா உடம்பு கறுப்பு. வில்லியம்சன் கம்பெனியோட டர்பைன் கப்பலுங்களுக்கு வெள்ளை, மேல கறுப்பு. 1923-ல ரயில்வே கம்பெனிங்களை இணைச்சப்போ கலிடோனியனும் சவுத் வெஸ்டர்னும் எல்எம்எஸ்ங்கிற ஒரே கம்பெனிக்குள்ள போயிடுச்சு, ரெண்டு வருஷம் போல மஞ்சள்-சிவப்பு-கறுப்புன்னு மூணு கலரும் அடிச்சுப் பாத்துட்டு அப்புறம் மஞ்சள், மேல கறுப்புன்னு நிறுத்திட்டாங்க. இந்த மஞ்சள்-சிவப்பு-கறுப்பு புகைபோக்கி உறுதியா தெரிஞ்சா அந்த ரெண்டு வருஷத்துப் படம், வேற பேச்சே இல்ல.

கறுப்பு வெள்ளைப் படத்துல கலர் எப்படிப் பாக்குறதுன்னு கேப்பீங்க. பழைய போட்டோ பிளேட்டுக்கு சிவப்பு தெரியாது, சிவப்பு எல்லாமே கறுப்பாத்தான் விழும். அதனால மேக்பிரெய்ன் புகைபோக்கி மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே கறுப்பா தெரியும், நார்த் பிரிட்டிஷ்னா கறுப்புக்கு நடுவுல ஒரு வெள்ளை வளையம் பளிச்சுன்னு தெரியும், மஞ்சள் சாம்பலா விழும். கையால கலர் பூசுன போஸ்ட்கார்டை மட்டும் நம்பாதீங்க, பூசுனவர் கப்பலையே பாத்திருக்க மாட்டாரு.

பேரு பாதி எழுத்து மட்டும் தெரிஞ்சாலும் கம்பெனியைப் பிடிச்சிடலாம். நார்த் பிரிட்டிஷ்காரங்க வால்டர் ஸ்காட் எழுதுன கதைங்கள்லேர்ந்து பேரு எடுப்பாங்க, வேவர்லி, கெனில்வொர்த், ஜீனி டீன்ஸ், டாலிஸ்மன்னு. கலிடோனியன்ல டச்சஸ், மார்ஷனஸ்னு சீமாட்டிங்க. சவுத் வெஸ்டர்ன்ல ஜூப்பிட்டர், ஜூனோ, மெர்குரின்னு ரோமானிய தெய்வங்க. ஆனா ஒரே பேரு திரும்பத் திரும்ப வரும், அங்கதான் நிதானம் வேணும். அயோனான்னு மூணு கப்பல் இருந்துச்சு, 1855-ல வந்தது அமெரிக்க உள்நாட்டுப் போர்ல துறைமுக முற்றுகையை உடைச்சு சரக்கு கொண்டுபோக வித்து, கிளம்புற அன்னிக்கே 1862-ல கிளைட் கரையில இருக்கிற கூரக் ஊர் பக்கத்துல மோதி மூழ்கிடுச்சு, 1863-ல கட்டுன ரெண்டாவதும் அதே வேலைக்குப் போகும்போது 1864-ல லண்டி தீவு பக்கம் மூழ்கிடுச்சு, மூணாவது மட்டும் 1864-லேர்ந்து 1936 வரைக்கும் இருந்துச்சு. உங்க கையில இருக்கிறது போஸ்ட்கார்டுன்னா அது மூணாவதுதான்.

வேவர்லியும் அப்படித்தான், 1899-ல கட்டுன முதல் கப்பல் 1940 மே 29 அன்னிக்கு ரெண்டாம் உலகப் போர்ல பிரான்ஸ் கரையில இருக்கிற டன்கர்க்ல சிப்பாய்ங்களை ஏத்திட்டு வரும்போது குண்டு பட்டு மூழ்கிப் போச்சு, பலபேர் உயிர் போச்சு. அந்த இடத்துக்கு வந்ததுதான் இப்பவும் ஓடிட்டு இருக்கிற வேவர்லி, 1946 அக்டோபர்ல தண்ணியில இறக்குனாங்க, 1947-ல ஓட ஆரம்பிச்சுது, கடல்ல பயணிங்களோட ஓடுற பேடில் ஸ்டீமர் உலகத்துலயே இது ஒண்ணுதான் மிச்சம். ஒத்தப் புகைபோக்கின்னா முதலாவது, ரெண்டுன்னா இது. இதோட புகைபோக்கியை வச்சே காலத்தைப் பிரிச்சிடலாம்: சிவப்பு வெள்ளை கறுப்புன்னா 1947 இல்லன்னா 1975-க்கு அப்புறம், மஞ்சள்னா அரசாங்கம் ரயில்வேயை எடுத்துக்கிட்ட 1948-க்குப் பிறகு, மஞ்சள் மேல சிங்கம் ஒட்டியிருந்தா 1965-க்குப் பிறகு. 1974-ல கம்பெனி இதை பேடில் ஸ்டீமர் பாதுகாப்புச் சங்கத்துக்கு ஒரே ஒரு பவுண்டுக்குக் குடுத்துச்சு, சங்கத்துக்காரங்க காட்சிக்கு வைக்காம அடுத்த வருஷமே ஓட்டுனாங்க, அந்த மனசை நினைச்சா எனக்கு இன்னிக்கும் நெகிழ்ச்சியா இருக்கும்.

சின்னச் சின்ன அடையாளமும் பாருங்க. கேப்டன் நிக்கிற பிரிட்ஜ் புகைபோக்கிக்குப் பின்னாடி இருந்தா பழைய படம், முன்னாடி வந்துட்டா இருபதாம் நூற்றாண்டா இருக்க வாய்ப்பு அதிகம். கார்டு பின்பக்கம் நடுவுல கோடு போட்டு சேதி ஒரு பக்கம் விலாசம் ஒரு பக்கம்னு இருந்தா அச்சடிச்சது 1902 அல்லது அதுக்கு அப்புறம், ஆனா படம் அதுக்கும் முன்னாடி எடுத்ததா இருக்கலாம், தபால் முத்திரைத் தேதியை படத்தோட தேதின்னு எழுதிடாதீங்க.

இவ்வளவும் ஒரு தாள்ல எழுதிட்டு கடைசியா ஸ்காட்டிஷ் பில்ட் ஷிப்ஸ்ங்கிற இணைய டேட்டாபேஸ்ல பேரைப் போட்டுப் பாருங்க, கட்டுன வருஷம், கட்டுனவங்க, முடிவு எல்லாம் வரும், உங்க குறிப்போட ஒத்துப்போகுதான்னு சரி பாருங்க. நம்ம வீட்டு ஆல்பத்துக்கும் இதே முறை ஆகும். தாத்தா பாட்டி மெட்ராஸ்லேர்ந்தோ நாகப்பட்டினத்துலேர்ந்தோ பினாங்கு, சிங்கப்பூர் போன ரஜூலா கப்பல் 1926-ல கிளாஸ்கோவுல பார்க்ளே கர்ள் கட்டுனதுதான். கறுப்புப் புகைபோக்கியில ரெண்டு வெள்ளைப் பட்டை தெரிஞ்சா அது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக் கப்பல், அங்கேர்ந்து தேட ஆரம்பிங்க.