வெள்ளத்தில் பிரிந்த நாய் வேறொருவர் வீட்டில் இருந்தால்: கேட்பவருக்கும் வைத்திருப்பவருக்கும் ஒரு வழிகாட்டி

2015 டிசம்பரில் சென்னையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மீண்டும் சென்னையிலும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் வெள்ளம் சூழ்ந்தபோது, வளர்த்த நாயையோ பூனையையோ மொட்டைமாடியில் விட்டுவிட்டுப் படகேற வேண்டிய நிலை பல குடும்பங்களுக்கு ஏற்பட்டது. அவ்வாறு தவித்த பிராணியைத் தன்னார்வலர்கள் மீட்கிறார்கள். காப்பகத்தில் இடம் போதாததால் அது வேறொரு குடும்பத்துக்குத் தத்துக் கொடுக்கப்படுகிறது. சில மாதங்கள் கழித்துப் பழைய குடும்பம் அதன் படத்தை யாரோ ஒருவரின் வாட்ஸ்அப் நிலைத்தகவலில் பார்க்கிறது. இரண்டு வீடுகளும் அதை நேசிப்பவைதாம் என்பதாலேயே இந்தச் சண்டை கடுமையாகிறது.

இதன் மிகப் பெரிய முன்மாதிரி அமெரிக்காவில் 2005 ஆகஸ்ட் 29 அன்று கரையைக் கடந்த கத்ரீனா புயலுக்குப் பின் நிகழ்ந்தது. நியூ ஆர்லியன்ஸிலிருந்து மக்களை வெளியேற்றிய பேருந்துகளில் பிராணிகளுக்கு இடமளிக்கப்படவில்லை. மீட்கப்பட்ட ஆயிரக்கணக்கானவை கொன்சாலஸ் நகரின் கண்காட்சித் திடலில் சேர்க்கப்பட்டு, அங்கிருந்து பல மாநிலங்களின் காப்பகங்களுக்கு அனுப்பப்பட்டன. உரிமையாளர்கள் தேடிக் கண்டுபிடித்தபோது, தத்தெடுத்த சிலர் தர மறுத்ததால் வழக்குகள் எழுந்தன. 2006-இல் அந்நாடு இயற்றிய சட்டம், பேரிடர்த் திட்டங்களில் வளர்ப்புப் பிராணிகளையும் சேர்க்க வேண்டும் என்றதே தவிர, யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியைத் தொடவில்லை. நம் நாட்டிலும் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. பழைய சட்டங்களைக் கொண்டே வழி காண வேண்டும்.

சட்டத்தின் பார்வையில் வளர்ப்புப் பிராணி அசையும் சொத்து. கேட்கக் கசப்பாக இருந்தாலும், பிரிந்த குடும்பத்துக்குத் துணை நிற்பது இந்தப் பார்வைதான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 71, பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் பொறுப்பில் எடுப்பவரை, பாதுகாக்கக் கொடுக்கப்பட்ட பொருளைப் பெற்றவருக்குச் சமமாக வைக்கிறது. அதாவது அவர் பாதுகாவலரே அன்றி உரிமையாளர் அல்லர். தன்னிடம் இல்லாத உரிமையைப் பிறருக்கு வழங்க யாராலும் இயலாது என்பதால், காப்பகம் கொடுத்த தத்துச் சான்றிதழ் மட்டுமே முந்தைய உரிமையாளரின் உரிமையை அழித்துவிடாது. அதே சட்டத்தின் பிரிவு 168 கண்டெடுத்தவருக்கும் ஒரு பிடிமானம் தருகிறது: பொருளைக் காக்கவும் உரிமையாளரைத் தேடவும் தாமாக முன்வந்து செய்த செலவுக்கும் சிரமத்துக்கும் ஈடு கேட்டு அவர் வழக்குத் தொடர முடியாது, ஆனால் ஈடு கிடைக்கும்வரை பொருளைத் தம்மிடம் வைத்திருக்கலாம். எனவே திரும்பக் கேட்கச் செல்பவர் கையில் பணமும் இருக்க வேண்டும்.

உரிமையை நிறுவுவது

நாயைத் திரும்பக் கேட்பவர் நீங்கள் என்றால், உங்கள் தரப்பில் முதலில் திரட்ட வேண்டியது, வெள்ளத்துக்கு முந்தைய தேதியிட்ட ஆவணங்கள். தடுப்பூசி அட்டை நனைந்து கிழிந்திருந்தாலும் கால்நடை மருத்துவமனைப் பதிவேட்டில் உங்கள் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கக்கூடும்; அதன் நகலில் மருத்துவரின் கையொப்பமும் முத்திரையும் பெறுங்கள். மாநகராட்சி உரிமம், கென்னல் கிளப் (இன நாய்களைப் பதிவுசெய்யும் சங்கம்) பதிவு, வாங்கிய ரசீது ஆகியவை இருந்தால் மிக நல்லது. தோலுக்கு அடியில் செலுத்தப்படும் அடையாளச் சில்லான மைக்ரோசிப் இருந்தால் அதன் 15 இலக்க எண்ணே பெரும்பாலும் வாதத்தை முடித்துவிடும். சிப் தோள்பட்டைகளுக்கு நடுவே செலுத்தப்பட்டாலும் நாளடைவில் கழுத்துப் பக்கமோ முன்னங்காலை நோக்கியோ நகர்ந்துவிடக்கூடும் என்பதால், ‘ஒன்றும் காட்டவில்லை’ என்று ஒரே தடவையில் முடிவு செய்யாமல் உடல் முழுவதும் மெதுவாக ஸ்கேனரை நகர்த்தச் சொல்லுங்கள். சென்னை மாநகராட்சி 2025-இல் வளர்ப்பு நாய்களுக்கு மைக்ரோசிப்பைக் கட்டாயமாக்கியது. கறவை மாட்டுக்கு 12 இலக்கக் காது வில்லை எப்போதோ வந்துவிட்டது. வீட்டுக்குள் படுத்துறங்கும் நாய்க்குத்தான் அடையாளம் தாமதமாக வருகிறது.

ஆவணமே இல்லாத நாட்டு நாய்க்கு உடல் அடையாளங்களே சான்று. ‘செம்மண் நிறம், வெள்ளை மார்பு’ என்ற விவரம் தெருவுக்கு நான்கு நாய்களுக்குப் பொருந்தும். மாறாக, இடது பின்னங்காலின் வெளிவிரலில் மட்டும் வெள்ளை நகம், நாக்கின் ஓரத்தில் கறுப்புப் புள்ளி, அடிவயிற்றில் முடி முளைக்காத பழைய தழும்பு என்பன போன்றவற்றை வெள்ளத்துக்கு முந்தைய படங்களில் தேடிக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள் படங்களைவிட, சோபாவில் மல்லாந்து தூங்கும்போது விளையாட்டாக எடுத்த படங்களே இதற்கு அதிகம் உதவும். அவற்றை எடுத்த கைப்பேசியை விற்றுவிடாதீர்கள்; மின்னணுப் பதிவின் நகலை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்போது, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியம், பிரிவு 63-இன்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஓடிவருகிறதா என்ற சோதனையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பிஸ்கட் பொட்டலத்தின் சத்தத்துக்கு எந்த நாயும் ஓடிவரும். பேரிடரில் மிரண்ட நாயோ சொந்த எஜமானரைக் கண்டும் ஒதுங்கி நிற்கலாம்.

எதிர்த்தரப்பு முதலில் வைக்கும் வாதம் ‘நீங்கள்தானே கைவிட்டீர்கள்’ என்பதாக இருக்கும். பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 11, தக்க காரணமின்றிக் கைவிடுவதையே குற்றமாகச் சொல்கிறது. படகில் பிராணிக்கு இடமில்லை என்று சொல்லப்பட்டது தக்க காரணம் அன்றி வேறென்ன? அதே படகில் வந்த அண்டை வீட்டாரின் எழுத்துமூலமான கூற்றும், நீர் வடிந்தபின் நீங்கள் தேடியதைக் காட்டும் சுவரொட்டி, பதிவுகள், காவல் நிலையத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது ஆகியவையும் இந்த வாதத்தை உடைக்கும். நீங்களே கையெழுத்திட்ட ஒப்படைப்புப் படிவத்தையும், ‘நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பிய குறுஞ்செய்தியையும் உடைப்பது அத்தனை எளிதன்று. ஆகவே நிவாரண முகாமில் யார் எதை நீட்டினாலும், தற்காலிகப் பராமரிப்புக்கா, நிரந்தர ஒப்படைப்புக்கா என்று கேட்டுப் படித்தபிறகே கையெழுத்திடுங்கள்.

வைத்திருப்பவர் செய்ய வேண்டியது

மீட்டவரின் பாதுகாப்பு அவர் நடத்திய தேடலில்தான் இருக்கிறது. உரிமையாளரைக் கண்டுபிடிக்க வழி இருந்தும் தேடாமல், நேர்மையற்ற நோக்கத்துடன் தமதாக்கிக்கொண்டால், குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 314-இன்கீழ் குற்றமாகலாம். உரியவரிடம் சேர்க்கும் எண்ணத்தோடு எடுத்துச் சென்றால் அது குற்றமன்று. மீட்ட இடம், நாள், கழுத்துப்பட்டை, உடல்நிலை ஆகியவற்றைப் படமெடுத்துப் பதிந்து, சிப் சோதனை செய்து, பொதுவெளியில் அறிவிப்புக் கொடுங்கள். அறிவிப்பில் எல்லா அடையாளங்களையும் வெளியிடாமல் இரண்டொன்றை மறைத்து வைத்தால், கேட்டு வருபவர் உண்மையானவரா என்று சோதிக்கலாம். பேரிடர் முடிந்த கையோடு நிரந்தரத் தத்துக் கொடுப்பதை நான் ஏற்கவில்லை. இடம்பெயர்ந்த குடும்பம் வீடு திரும்பவே சில மாதங்கள் ஆகும் என்பதால், ‘உரிமையாளர் வந்தால் திருப்பித் தருவேன்’ என்ற நிபந்தனையுடன் தற்காலிகப் பராமரிப்புக்குக் கொடுப்பதே முறை.

பேச்சிலிருந்து நீதிமன்றம் வரை

நேரில் செல்லும்போது கூட்டமாகச் செல்லாதீர்கள். இரு தரப்பையும் அறிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் உடனிருந்தால் போதும். முதலில் நன்றி சொல்லிவிட்டு, செலவுக் கணக்கைக் கேளுங்கள். மறுத்தால் வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம். சமூக ஊடகத்தில் அவர்கள் முகவரியைப் போடுவது சமரச வாய்ப்பை அடைத்துவிடும்; எடுத்த எடுப்பில் குற்றவியல் புகார் கொடுப்பதும் அப்படித்தான்.

வெள்ளத்தால் பாதிக்கப்பட்டவருக்கு, 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், பிரிவு 12, இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியைத் தருகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால், வழக்குத் தொடராமலேயே மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசலாம். அங்கு எட்டும் உடன்பாட்டுக்கு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையின் மதிப்பு உண்டு, மேல்முறையீடு இல்லை. அதுவும் பலிக்காவிட்டால், ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 7, 8 பிரிவுகளின்கீழ் குறிப்பிட்ட அசையும் சொத்தை மீட்க வழக்குத் தொடரலாம். தொலைந்த பொருளுக்கான காலவரையறை, அது யாரிடம் இருக்கிறது என்பதை நீங்கள் முதலில் அறிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள். நாயின் ஆயுளில் மூன்று ஆண்டு நீண்ட காலம் என்பதால், காத்திருக்காமல் வழக்கோடு சேர்த்தே இடைக்கால உத்தரவும் கோருங்கள்.

சமரசம் ஏற்பட்டால் அதைத் தாளில் எழுதுங்கள்: யாரிடம் இருக்கும், எவ்வளவு தொகை கொடுக்கப்பட்டது, மற்றவர் வந்து பார்க்கலாமா, கருத்தடை அல்லது அறுவை சிகிச்சை நடந்திருந்தால் அதன் விவரம், வைத்திருப்பவரால் இயலாமற்போனால் யாருக்கு முதல் உரிமை. இரு தரப்பும் கையொப்பமிட்ட அந்த வாரத்திலேயே உரிமத்திலும், சிப் பதிவிலும், மருத்துவமனை அட்டையிலும் பெயரையும் தொலைபேசி எண்ணையும் மாற்றிவிடுங்கள்.